விரல் வந்து சேர்ந்த நேரம்

போன செவ்வாய்க்கிழமை என் மகளின் பள்ளி ஷூ அடிப்பக்கம் பிளந்துகொண்டது. பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தகர டப்பாவைத் திறந்து சொல்யூஷனை, அந்த ஒட்டும் பசையை, விரலில் தொட்டு இழுத்தார். அவ்வளவுதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மா, மயக்கமா? சோடா எதுனா வாங்கியாரவா?" என்று அவர் பதறினார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். உன் துப்பட்டாவில் இருந்த வாசனை அது. உன் டிபன் டப்பாவில், தலைமுடியில், நீ எனக்கு இரவல் கொடுத்த புத்தகத்தின் தாள்களில்கூட இருந்தது.

நீ போய் எட்டு வருடமாகிறது. நான் இப்போது வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகர். பிள்ளைகள் 'சைக்காலஜி மிஸ்' என்கிறார்கள். கதவில் பெயர்ப் பலகை, பெயருக்குப் பின்னால் எம்.ஏ. அந்தப் படிப்பை நீயும் நானும் சேர்ந்துதான் படித்தோம். நியாயமாகப் பார்த்தால் அந்த நாற்காலியில் நீதான் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் உன்னிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு. நீ உயிரோடு இருந்தவரை அதை ஒப்புக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்தேன். நீ பேஸ்டிங் லைனில் நின்றாய். ஷூவின் மேல்தோலையும் அடிப்பாகத்தையும் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி ஒட்டும் வேலை. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாய். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தபால்வழிப் படிப்புக்கான விண்ணப்பம் இரண்டைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டாய்.

"எஸ்தரு, எம்.ஏ. சைக்காலஜி. ரெண்டு பேரும் சேந்து போடலாம் வா."

"பைத்தியமா உனக்கு? பி.எட். போட்டாலாவது டீச்சர் வேல கெடைக்கும்."

"பைத்தியம்னா இன்னான்னு தெரிஞ்சுக்கத்தான்டி கூப்புடுறேன்."

அப்புறம்தான் உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய். உன் அப்பா இறந்த வருடம் அம்மாவுக்குத் தூக்கம் போனது. யார் யார் குரலிலோ பேசினார். ஊரில் பேய் என்றார்கள். சோளிங்கர் மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கினீர்கள். தினமும் காலையில் குளத்தில் முழுக்கு, பிறகு மலை. உனக்குப் பதினாறு வயது. அம்மா எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை வாய் சாப்பிட்டார், எப்போது அழுதார் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாய். அம்மா தேறினார். சாமிதான் என்றார்கள் சொந்தக்காரர்கள். நீ மட்டும் அந்த நோட்டை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பத்து வருடம் வைத்திருந்தாய். "சாமியும் இருக்கலாம், தூக்கமும் இருக்கலாம். வந்தத வந்தபடி எழுதி வெச்சிருக்கேன். படிச்சவங்க யாராச்சும் பாத்துச் சொல்லட்டும்" என்பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூரில் ஒரு கல்லூரியில் வகுப்பு. நான் ஆம்பூரில் பஸ் ஏறி வருவேன், நீ பள்ளிகொண்டாவில் ஏறுவாய். வேலூர் வரும் வரை வாயை மூடமாட்டாய். முதல் தாளே உளவியல் ஓர் அறிவியலாக வளர்ந்த வரலாறு. எனக்கு அது பதினைந்து மதிப்பெண் கேள்வி. உனக்கு என்னவோ சொந்தக்காரர் வீட்டு விவகாரம் மாதிரி!

வானாய்வுக்கூட உதவியாளர் கதை உனக்கு உயிர். அந்தக் காலத்தில் தொலைநோக்கிக்குள் கட்டிய மெல்லிய கம்பியை ஒரு நட்சத்திரம் கடக்கும் நேரத்தை, கடிகாரச் சத்தத்தைக் காதில் வாங்கியபடியே குறிக்க வேண்டும். தலைமை ஆய்வாளர் ஒரு நேரம் குறிப்பார். அவருடைய உதவியாளர் எப்போதும் கொஞ்சம் பிந்தியே குறிப்பார். ஆய்வாளர் எச்சரித்துப் பார்த்தார், சரியாகவில்லை, வேலையை விட்டு அனுப்பிவிட்டார். பல வருடம் கழித்து இன்னொரு வானியலாளர் அந்தப் பழைய குறிப்பைப் படித்தார். இது பிழைதானா, இல்லை ஆளுக்கு ஆள் இப்படித்தானா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அளந்து பார்த்தார். எந்த இரண்டு பேரும் ஒன்றாக இல்லை. கண் பார்ப்பதற்கும் கை குறிப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, அதை அளக்கவும் முடியும் என்ற எண்ணம் அங்கேயிருந்துதான் வளர்ந்தது. மனதை அளக்கப் புறப்பட்டவர்களுக்கு அதுவும் ஒரு வாசல்.

வேலை போன மனிதனுக்காக நான் உச்சுக் கொட்டினேன். நீ வேறொன்றைப் பார்த்தாய். "அந்தப் பெரியவரு ஆளத்தான் தொரத்தினாரு, நம்பரக் கிழிக்கல பாரு. புடிக்காத நம்பர்தான், ஆனா எழுதி வெச்சுட்டாரு. அதனாலதான் பின்னால வந்தவருக்குக் கெடச்சுது. கிழிச்சிருந்தா எல்லாம் போயிருக்கும் எஸ்தரு." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ இதைச் சொன்னது மறந்து தொலைந்தால் எனக்குத் தேவலை.

பிறகு ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் அறை நிறையக் கருவிகளை வைத்துக்கொண்டு, ஒலியைக் கேட்டதும் விசையை அழுத்தச் சொன்னார், உள்ளுக்குள் என்ன நடந்தது என்றும் சொல்லச் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த சிலர், உள்ளே நடப்பதை யார் பார்த்தது, ஆள் சொல்வதை நம்ப முடியாது, வெளியே தெரிகிற நடத்தையை மட்டும் எண்ணுவோம் என்று மனதையே தூக்கி வெளியே போட்டார்கள். இன்னும் பின்னால் வந்தவர்கள் அதைத் திரும்ப உள்ளே அழைத்தார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "மனசு இருக்குதா இல்லியான்னு அங்க இத்தன வருஷம் சண்ட. நம்ம லைன் சூப்பர்வைசரக் கேட்டிருந்தா ஒரே செகண்டுல சொல்லியிருப்பான், இல்லன்னு." உன் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்சோடு நின்று, ஒரு ஜோடி ஒட்ட எத்தனை நொடி என்று குறிப்பவன் அவன்தானே.

இரண்டாம் வருடம் உன் கையிலிருந்து பொருள்கள் விழ ஆரம்பித்தன. முதலில் பிரஷ், அப்புறம் டம்ளர். ஒரு நாள் கம்பெனி வாசலில் நடந்து வருகிறாய், ஒரு காலில் செருப்பு இல்லை. பத்தடி பின்னால் கிடக்கிறது. "கழண்டதுகூட தெரியலடி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது?

அந்த டிசம்பரில்தான் பிராக்டிகல். எதிர்வினை நேரம் என்று ஒரு சோதனை. மேஜையின் நடுவே ஒரு மரத்தடுப்பு. இந்தப் பக்கம் சோதனை செய்பவளாக நான். அந்தப் பக்கம் நீ. ரெக்கார்டு நோட்டில் உனக்குப் பெயர் 'சப்ஜெக்ட்'. நான் விசையை அழுத்தினால் உன் பக்கம் பல்பு எரியும். எரிந்ததும் நீ உன் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும். நடுவில் போன நேரத்தைக் கருவி காட்டும். இருபது முறை. "வேல போச்சே அந்த மனுஷன், அவரோட பேரப்புள்ளடி இந்த மெஷினு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாய்.

உன் எண்கள் மோசமாக வந்தன. பாடநூலில் போட்டிருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் போகப் போக ஏறிக்கொண்டே போனது. கருவியில்தான் கோளாறு என்று தட்டிப் பார்த்தேன். இடம் மாற்றி நான் உட்கார்ந்தேன். எனக்கு ஒழுங்காக வந்தது. அப்போதாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் சப்ஜெக்ட் தனக்குள் நடந்ததைத் தன் சொந்த வார்த்தையில் எழுதித் தர வேண்டும். அகநோக்கு அறிக்கை என்று பெயர். அந்த ஜெர்மன் பேராசிரியர் காலத்து வழக்கம் இன்னும் நம் ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெய்யாக யாரும் அதை எழுதுவதில்லை. 'சப்ஜெக்ட் உற்சாகமாகவும் ஒத்துழைப்புடனும் இருந்தார்' என்று போன வருடத்து நோட்டைப் பார்த்துப் போட்டுவிடுவார்கள். நீ உட்கார்ந்து யோசித்து எழுதினாய். 'பல்பு எரிந்தது உடனே தெரிந்தது. விரலுக்கு உடனே சொன்னேன். விரல் வந்து சேர நேரமாயிற்று.'

எண்கள் ஒத்துவராதவர்கள் அடுத்த ஞாயிறு வந்து திரும்பச் செய்யுங்கள் என்று பிராக்டிகல் நடத்திய மேடம் சொன்னார். அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சி. முதன்முதலாக எனக்குத் தனிப்பாட்டு கொடுத்திருந்தார்கள். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று எட்டு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. அன்றைக்கே ஒரு சீனியரின் நோட்டிலிருந்து இருபது எண்களை எடுத்து, அங்கங்கே கொஞ்சம் கம்மி ஜாஸ்தி பண்ணி, உன்னுடையது என்று எழுதினேன். உன் அறிக்கை அந்த எண்களோடு ஒத்துப்போகாதே! அதையும் மாற்றினேன். உற்சாகம், ஒத்துழைப்பு. நீ எழுதிக் கொடுத்த தாளையும் எண்கள் இருந்த தாளையும் நாலாகக் கிழித்துக் கல்லூரிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மேடம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நீ கேட்டாய். என்னைப் பார்க்காமல், உன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"எவ்ளோ வந்துச்சு எஸ்தரு? ஜாஸ்தியா?"

"இல்லடி. எல்லாம் நார்மல்."

"நெசமாவா?"

"மேடம் சைன் போட்டாங்க இல்ல?"

நீ விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாய். "அப்ப ஒடம்புல ஒண்ணும் இல்ல. அப்ப மனசுதான். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருது" என்றாய். அந்தப் பயம் எத்தனை வருடமாக உனக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஜனவரியில் கம்பெனி டிஸ்பென்சரிக்கு உன்னைக் கூட்டிப்போனதும் நான்தான். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே நீ பையிலிருந்து என் ரெக்கார்டு நோட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாய். அன்று காலைதான் என்னிடம் கேட்டு வாங்கி, பிரிக்காமலே பையில் வைத்திருந்தாய், எதற்கென்று சொல்லவில்லை. எழுதி வைத்தவற்றின் மேல் உனக்கு அவ்வளவு மரியாதை. "சார், போன மாசம்தான் காலேஜ்ல கை வேகம் பாத்தாங்க. நார்மல் சார்." அவர் முத்திரையைப் பார்த்தார். "அப்புறம் இன்னாம்மா? டென்ஷனக் கம்மி பண்ணு, நல்லா தூங்கு" என்று சத்து மாத்திரை எழுதினார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் பட்டம் போகும், மேடம் கத்துவார், நீ என்னைக் காறித் துப்புவாய் என்று என்னென்னவோ ஓடியது. வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை நீ அதே சொல்யூஷன் டப்பாவுக்கு முன்னால் நின்றாய்.

லைனில் நீ நடிக்கிறாய் என்றார்கள். வேலை செய்ய உடம்பு வளையாமல் வேண்டுமென்றே பிரஷ்ஷைப் போடுகிறாய் என்று சூப்பர்வைசர் பேஜார் பண்ணினான். வீட்டில் அம்மாவைப் பிடித்தது பெண்ணையும் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். உன் அம்மா சோளிங்கருக்கு வேண்டிக்கொண்டார். உன்னைக் கூட்டிக்கொண்டு ஏழு வெள்ளிக்கிழமை, வெறுங்காலோடு, உச்சி வெயிலில் படியேறி வருவதாக. நீ மறுப்பாய் என்று நினைத்தேன். "சயின்ஸ்ல பாத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இதையும் பாத்துடறேன்" என்றாய்.

ஏப்ரல் மாத வெயில். நாலாவது வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பார்த்தால் இரண்டு உள்ளங்காலும் வெந்து தோல் வழன்றிருந்தது. வலி இல்லை. வலிக்காத புண்ணை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாய். கால் வீங்கியது, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை. அங்கேதான் ஒரு டாக்டர் ஊசிமுனையால் உன் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு உணர்ச்சி போய் ரொம்ப நாளாகியிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். என்ன வேலை பார்த்தாள் என்றும் கேட்டார். சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். சொல்யூஷன்தான் காரணம் என்று இன்றும் என்னால் நிரூபிக்க முடியாது. அதற்கு அந்த டிசம்பர் மாதத்து எண்கள் வேண்டும்.

பிராக்டிகலில்தான் எனக்கு மதிப்பெண் அதிகம். சே, இதை உன்னிடம் சொல்லவே நாக்குக் கூசுகிறது.

இப்போது பயிற்சி வகுப்புகளுக்குப் போனால் மூளையைப் படம் எடுத்துத் திரையில் காட்டுகிறார்கள். எதிர்வினை நேரத்தைக் கணினியே அளக்கிறது, கணினியே பதிந்துகொள்கிறது. நடுவில் யாரும் பேனாவோடு உட்கார்ந்திருப்பதில்லை. என்னைப் போன்றவர்களைத் தெரிந்துகொண்டுதான் இந்த அறிவியல் இப்படி வளர்ந்திருக்கிறது என்று தோன்றும். எல்லோரும் கைதட்டுவார்கள். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

நடைபாதையில் உட்கார்ந்த நான் ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்குப் பஸ் ஏறினேன். இதற்கு முன்னால் மூன்று தடவையோ நாலு தடவையோ போயிருக்கிறேன், ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பியிருக்கிறேன். உன் அம்மா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "வாம்மா எஸ்தரு" என்று முறத்தை நகர்த்தி இடம் விட்டார். நான் கேட்காமலே உன் பேச்சை எடுத்தார். "இன்னும் சொல்றாங்கம்மா. பைத்தியக்காரி பொண்ணு, வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிச்சே செத்தாளாம். என் கோளாறுதான் அவளுக்குப் போச்சாம். நான் பெத்துதான் கெட்டாளாம்."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பல்பு, விசை, இருபது எண்கள், கேரல் பாட்டு, கிழித்த தாள், டிஸ்பென்சரி. அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

அவர் கையை முந்தானையில் துடைத்தார்.

"அப்ப அவ நடிக்கல."

"இல்லம்மா."

"என் கோளாறும் இல்ல."

"இல்லம்மா. உங்களால ஒண்ணும் இல்ல."

"எழுதிக் குடு" என்றார். "அவ நடிக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. படிச்சவ நீ. நீ எழுதினா நம்புவாங்க."

என்னால் தலை நிமிர முடியவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினேன். என்ன வந்தது, நான் என்ன மாற்றினேன், நீ உன் கையால் என்ன எழுதியிருந்தாய், எல்லாவற்றையும் எழுதினேன். முழுப்பெயர் போட்டேன். பட்டத்தையும் போடு என்றார், போட்டேன். இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

கிளம்பும்போது பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தார். இப்போதாவது மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. மொத வெள்ளிக்கெழம, மலையில படி கொதிக்குது. எனக்குக் கால வெக்க முடியல, குதிக்கிறேன். அவ மெதுவா நடந்து வர்றா. எனக்குச் சுடலம்மான்றா. எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு. சாமி எறங்கிட்டாருன்னு அங்கியே வுழுந்து கும்புட்டேன். நீ கூட இருந்திருந்தா உனுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல, அது இன்னான்னு?"

"தெரிஞ்சிருக்கும்மா" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நீ மறுநாளே என்னிடம் அதைச் சொன்னாய். கேன்டீனில், சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி. "மலையில எல்லாரும் குதிக்கிறாங்க, எனக்குச் சுடவே இல்ல எஸ்தரு. அம்மா சாமின்றாங்க. நம்ம புக்குல இதுக்கு எதுனா இருக்குதா?" இருந்தது. நரம்பு கெட்டால் சூடு உறைக்காது என்பது எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும். உன் கால் வெந்த அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மலைக்கு ஒருநாளும் போகாத நான், அந்தச் சாமியை ஒருநாளும் கும்பிடாத நான், "சாமிதான்டி" என்றேன்.

இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த தாளிலும் இல்லை. இது மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.